அசையாத நாலு

எங்கள் ஆபீஸில் அவளுக்கு டெம்ப்ளேட் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படித்துக் கூப்பிடுகிற ஆள் வாசல் காவலாளி ஒருவர்தான். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே "டெம்ப்ளேட் அக்கா யாருங்க?" என்று கேட்டுக்கொண்டு அவள் மேசைக்கு வந்து நிற்பார்கள்.

நாங்கள் குளிர் அறைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். மருந்துக் கிடங்கு, ரத்த வங்கி, பூக்கடை என்று எதுவானாலும் உள்ளே குளிரை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். அது சொல்லும் அளவைத் திரையில் காட்டுவதும், அளவு தப்பினால் அலாரம் அடிப்பதும் எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோப்பு எழுதவேண்டும். முன்பெல்லாம் பழைய கோப்பை நகலெடுத்து அங்கங்கே மாற்றிக்கொள்வார்கள். அப்படி மாற்றும்போது ஒரு வரியை மறந்துபோய், பூக்கடையில் சூடு ஏறியதற்கு ரத்த வங்கியில் அலாரம் அடித்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

அதற்கு ஒரு முடிவு கட்டியவள் அக்காதான். நாங்கள் நிரல் எழுதும் மென்பொருளில் 'புதிய கோப்பு' என்று அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் 'குளிர் அறை' என்று தானே ஒரு வரியைச் சேர்த்தாள். அதை அழுத்தினால் அறையின் பெயர் என்ன, சென்சார் எண் என்ன என்று கேட்கும். பதில் சொன்னதும் முழுக் கோப்பும் தயாராக வந்து நிற்கும். அந்த அச்சுக்குத்தான் டெம்ப்ளேட் என்று பெயர். தலையில் தேதியையும் உருவாக்கியவர் பெயரையும்கூட அதுவே எழுதிக்கொள்ளும். இயக்கிப் பார்த்தால் திரையில் புது அறை பச்சையாக எரியும். எங்கள் மேனேஜருக்குப் பச்சை என்றால் உயிர். வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்து, அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பச்சையைக் காட்டி வியாபாரத்தை முடித்துவிடுவார். அக்காவுக்கு ஆண்டு விழாவில் கண்ணாடியில் செய்த பரிசு ஒன்று கொடுத்தார்கள். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத் தூக்கி வைத்திருந்தாள்.

நான் சோதனைப் பிரிவு. அடுத்தவர் செய்ததில் குறை காண்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீஸில் இதை மாமியார் வேலை என்பார்கள். இரண்டு மாமியார்களையும் ஒரு நாத்தனாரையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

அக்காவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பாள். காய்ச்சலில் கண் சிவந்திருக்கும், அப்போதும் நல்லா இருக்கேன்தான். அவள் பெண் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்டுப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தவளைக் கேட்டால் அதே பதில். மேற்கொண்டு கேட்டால், பேச்சை என் பக்கம் திருப்பிவிடுவாள். இந்தக் கதை நடந்த வாரம் முழுக்கவும் என்னிடம் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே தெரியாது.

அவர் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஊசி மருந்துகளை அடுக்கி வைக்கும் பெரிய குளிர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. "என் வீட்டுக்காரி வேலை பாக்கற கம்பெனி, நல்லா செய்வாங்க" என்று தன் முதலாளியிடம் சொல்லி, எங்கள் மென்பொருளை அங்கே வாங்க வைத்தவரும் அவரே. அந்த அறையின் குளிரூட்டும் இயந்திரம் ஒருநாள் நின்றுபோனது. அலாரம் அடிக்கவில்லை. பெட்டி அடுக்குகிறவர் ஒருவர் "என்ன உள்ள இவ்ளோ வெதுவெதுன்னு இருக்கு" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் அடுக்கு அடுக்காக மருந்து வீணாகிவிட்டது.

மெக்கானிக் வந்து இயந்திரத்தைச் சரி செய்தார். பிறகு முதலாளி சென்சாரைக் கைக்குள் பொத்திப் பார்த்தார். அலாரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அடித்தது. ஆக, அலாரத்தில் கோளாறு இல்லை, யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்து, அளவை வாக்கிடாக்கியில் முன் அலுவலகத்துக்குச் சொல்வது அக்கா கணவரின் வேலை. முன் அலுவலகப் பெண் நடந்ததை நடந்தபடி சொன்னாள். "அந்த ரெண்டு நாளும் எப்ப கேட்டாலும் நாலுன்னுதான் சொன்னாரு சார்." எந்தக் குளிர் அறை எப்போதும் நாலு டிகிரியில் நிற்கும்? நாற்காலியை விட்டு எழாமலே வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார் என்று பழி அவர் தலையில் விடிந்தது. கடைசி விசாரணையை அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு வைத்திருந்தார்கள். வேலை போவதோடு முடிகிற விஷயமில்லை அது. மருந்தைக் கெடுத்தவர் என்று முத்திரை விழுந்துவிட்டால் வேறு எந்தக் கிடங்கும் அவரை வாசற்படி ஏறவிடாது.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் நடந்ததை அக்கா எனக்குப் பிறகு சொன்னாள். அவர் விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்காம சொல்லல," என்றார் அவர், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒவ்வொரு தடவையும் போய் நின்னு பாத்துதான் சொன்னேன். நாலு புள்ளி பூஜ்யம். நீயாவது நம்பறியா?"

"நம்பறேங்க. ஆனா எப்பவுமேவா நாலு புள்ளி பூஜ்யம்?"

"அதுக்கு முன்னாடியெல்லாம் மூணு எட்டு, நாலு மூணுன்னு ஆடிட்டேதான் இருக்கும். கடைசியா அந்த ரெண்டு நாள்தான் அசையவே இல்ல. மெஷின் நல்லா செட்டாயிடுச்சுன்னு நான்கூட சந்தோஷப்பட்டேன்."

"அம்மா, இழுக்காத, வலிக்குது" என்றாளாம் பெண். அக்காவின் கை பின்னலைப் பிடித்தபடி நின்றுபோயிருந்தது. கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் பின்னி முடித்து, ரிப்பனைக் கட்டிவிட்டுக் கிளம்பி வந்தாள்.

ஆபீஸுக்குள் வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்தாள். என்னக்கா என்று எட்டிப் பார்த்தேன். கிடங்கில் நடந்ததையும் மதியம் விசாரணை இருப்பதையும் அப்போதுதான் இரண்டே வரியில் சொன்னாள். அவளுடைய டெம்ப்ளேட்டின் கடைசி வரிகள் திரையில் இருந்தன. சென்சாரிடமிருந்து பதில் வராவிட்டால் அளவை 4.0 என்று வைத்துக்கொள் என்று நிரல் சொல்லியது. பக்கத்தில் அவள் கைப்பட எழுதிய குறிப்பு: மாதிரி எண், மாற்றிவிடவும்.

புதுக் கோப்பு உருவாகும்போது அறையில் சென்சாரே மாட்டியிருக்க மாட்டார்கள். பதில் வராத சென்சாருக்குச் சிவப்பு காட்டுவதுதான் நியாயம். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் சிவப்பு எரிந்தால் மேனேஜர் முகம் எட்டுக் கோணலாகிவிடும். அதற்காக அக்கா தற்காலிகமாக ஒரு நல்ல எண்ணை வைத்து, மாற்றிவிடவும் என்று எழுதியும் வைத்தாள். ஓடுகிற கோப்பை அடிவரை யார் படிக்கிறார்கள்? மேலே கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னோமா, பச்சை வந்ததா, அடுத்த வேலை. அறையில் சென்சார் கம்பி கழன்று விழுந்தால், அன்றிலிருந்து திரை நாலு நாலு என்று பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். உள்ளே மருந்து வெந்தாலும் அதற்குக் கவலையில்லை. கிடங்கில் நடந்தது இதுதான். இயந்திரத்தைச் சரி செய்ய வந்த மெக்கானிக் கழன்றிருந்த கம்பியையும் போகிறபோக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு அலாரம் ஏன் அடிக்காது?

சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்று கேட்பீர்கள். என் சோதனை மேசையில் கம்பியெல்லாம் திருகாணி போட்டு இறுக்கியிருக்கும், கழன்றதே இல்லை. அதற்கான திட்டை நான் தனியாக வாங்கியாகிவிட்டது.

"வீட்டுக்காரர காப்பாத்திடலாம்க்கா. இத கொண்டுபோய் காட்டினா போதும்" என்றேன். அவள் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"வேற எங்கெல்லாம் இப்படி இருக்கோ" என்றாள்.

எங்கள் வாடிக்கையாளர்களின் அறைகள் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம். எண்கள் துடித்துக்கொண்டே இருக்கும், 3.9, 5.2, 4.4 என்று. இருவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, துடிக்காத எண்ணைத் தேடினோம். மூன்றாவது பக்கத்தில் அது இருந்தது. ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி, 4.0, நல்ல பச்சை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது அசையவே இல்லை.

அக்கா போனைப் போட்டாள். எடுத்தவர் அங்கே டெக்னீஷியன். குரலிலேயே வேலை நெருக்கடி தெரிந்தது.

"நாலுதான் காட்டுது மேடம். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"திரைய பாக்காதீங்க சார். ஒரு தெர்மாமீட்டர உள்ள வெச்சு பாருங்க."

"சும்மா சும்மா கதவ திறந்தா குளிரு போயிடும். எனக்கு இங்க ஆபரேஷனுக்கு ரத்தம் அனுப்பணும், ஆள் வந்து நிக்குது."

"அனுப்பாதீங்க." அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "தயவுசெஞ்சு முதல்ல அளந்து பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் போனை மேசைமேல் வைக்கிற சத்தம், பிறகு கதவு திறக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டிக் கைதட்டினார்கள். எனக்கு அவர்களை எழுந்துபோய் அறைய வேண்டும்போல இருந்தது.

டெக்னீஷியன் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "மேடம், பன்னெண்டு காட்டுது." யாரையோ கூப்பிட்டு, "முன்னாடி அனுப்பின பாக்கெட்ட திருப்பி வாங்கு, ஓடு" என்று கத்தினார். இணைப்பு போய்விட்டது. ரத்தம் யாருக்கும் ஏறுவதற்குள் திருப்பி வாங்கிவிட்டார்கள் என்று தகவல் வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினார். ஆள் கெட்டவர் இல்லை. பயந்தவர், அது அதைவிட மோசம்.

"இன்னிக்கே எல்லா இடத்துக்கும் திருத்தின கோப்ப அனுப்பிடுங்க. வழக்கமான அப்டேட்னு போடுங்க, காரணம் எதுவும் வேண்டாம். கம்பி கழண்டா அது அவங்க பராமரிப்பு, நமக்கு சம்பந்தமில்ல."

"என் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு மதியம் விசாரணை சார். அவர் பொய் சொல்லல. நம்ம திரைதான் பொய் சொல்லியிருக்கு."

மேனேஜர் யோசித்தார். கிடங்கின் கோப்பைத் திறந்து, அதன் தலையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி, சொல்லியே ஆகணும்னா இப்படி சொல்லலாம். இங்க பாருங்க, உருவாக்கியவர்னு யார் பேர் இருக்கு?"

எங்கள் கம்பெனியை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெயர் இருந்தது. எந்நேரமும் காதில் இயர்போன் மாட்டியே இருந்ததால் அவரை இயர்போன் என்றே அழைப்போம். இப்போது வேறு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தார். "அவர் சரியா செய்யல, கவனக்குறைவுன்னு எழுதி குடுத்துடறேன். உங்க வீட்டுக்காரர் தப்பிச்சுடுவார், நீங்களும் தப்பிச்சுடுவீங்க. கம்பெனி பேரும் ரொம்ப கெடாது. அவர்தான் இங்க இல்லையே."

அக்கா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெயரை இயர்போன் எழுதவில்லை. யார் புதுக் கோப்பைத் திறந்தாலும் திறந்தவர் பெயரைத் தானாகத் தலையில் எழுதுவது இவளுடைய டெம்ப்ளேட். அடியில் நாலை வைத்ததும் அதேதான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "கிடங்குக்கு போயிட்டு வந்துடறேன் சார்" என்றாள். நானும் வருகிறேன் என்று மேனேஜர் கோட்டை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே டாக்சியில் போனோம். வழி முழுக்க அவர் இயர்போனின் கவனக்குறைவைப் பற்றி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

கிடங்கில் விசாரணை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி, இந்தப் பக்கம் இஸ்திரி கலையாத சட்டையில் அக்காவின் கணவர். சாட்சி சொல்ல வந்த மெக்கானிக்கும் முன் அலுவலகப் பெண்ணும் சுவரோரம் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் குழப்பம். அக்கா அவரைப் பார்க்காமல் முதலாளியிடம் பேசினாள். "ஒரே ஒரு தடவை குளிர் அறைக்கு வாங்க சார். அங்க ஒண்ணு காட்டணும்."

வாசலில் மாட்டியிருந்த பஞ்சு அங்கிகளை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனோம். சென்சாரும் திரையும் அடுத்தடுத்துச் சுவரில் இருந்தன. திரையில் 4.3, அடுத்த நொடி 4.2. அக்கா மெக்கானிக்கிடம் சென்சார் கம்பியைக் கழற்றச் சொன்னாள். அவர் கழற்றினார்.

திரை 4.0 என்றது. பச்சை.

"இப்ப சென்சார கைக்குள்ள வெச்சுக்குங்க சார்," என்றாள். முதலாளி உள்ளங்கையில் பொத்தினார். எல்லோரும் திரையைப் பார்த்தோம். மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. அவர் சென்சாரை வாயருகே கொண்டுபோய் ஊதினார். 4.0. இரண்டு கையாலும் தேய்த்தார். 4.0. அலாரம் மூச்சுவிடவில்லை. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்போ நெஜமாவே நாலுதான் காட்டியிருக்கு" என்றாள் முன் அலுவலகப் பெண். சொல்லிவிட்டு அக்காவின் கணவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளி கையை உதறினார். "இத எழுதின அறிவாளி யாரு?"

"எங்ககிட்ட முன்னாடி இருந்த ஒருத்தர்," என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "கோப்புல அவர் பேர்தான் இருக்கு. இப்ப வேற கம்பெனிக்கு போயிட்டார், நாங்க அங்கேயும் எழுதி..."

"இல்ல சார்," என்றாள் அக்கா. "அவர் பேர் தானா விழுந்தது. இந்த நால நான்தான் வெச்சேன். எங்ககிட்ட எல்லா அறைக்கும் என் டெம்ப்ளேட்டுலேர்ந்துதான் கோப்பு வருது. மாத்திடுங்கன்னு எழுதி வெச்சா மாத்திடுவாங்கன்னு நினைச்சேன். என் தப்பு."

மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையிலேயே அவள் வேலை போய்விட்டது தெரிந்தது. அக்கா அப்போதுதான் முதல் தடவையாகக் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அவரைத் தூங்கவிடாமல் செய்த எண் அவர் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. அவர் மெக்கானிக் கையிலிருந்த கம்பியை வாங்கித் தானே செருகினார். முதலாளியின் கைச்சூடு இன்னும் சென்சாரில் இருந்தது. திரை சட்டென்று சிவந்தது, அலாரம் அலறியது. யாரும் அதை உடனே அணைக்கவில்லை.

அவரை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார் முதலாளி. எங்கள் கம்பெனியை இனி வரவேண்டாம் என்றும் சொன்னார். அடுத்த வாரம் அக்காவிடம் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். போவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த நாலை எடுத்தாள். இப்போது எங்கள் ஆபீஸில் யார் புதுக் கோப்பு உருவாக்கினாலும் அது சிவப்பாகத்தான் பிறக்கிறது. அளவு இல்லை என்று எழுதிக் காட்டி, சென்சார் மாட்டும்வரை வீல் வீல் என்று அலறுகிறது. எல்லோரும் திட்டுகிறார்கள். நான் மட்டும் திட்டுவதில்லை.

அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்கு நடுவில் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெண் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் ஓர் இடத்தில் நேர்காணலுக்குப் போய், பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு திரும்பியிருந்தாள். என்னிடம் அதைச் சொன்னதே பெரிய விஷயம். கிடங்கு விவகாரத்தைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை என்றும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லையாம், சாவி எங்கே, உப்புப் போதுமா என்பதற்குமேல் பேசவும் இல்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வேலையிலிருந்து வந்தார். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டர் குத்தியிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவர் எந்தத் திரையையும் நம்புவதில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்.

"போன இடத்துல என்னாச்சு? எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்" என்றாள் அக்கா.

அவர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இது அளந்து பாத்து சொல்றியா, இல்ல டெம்ப்ளேட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"நல்லா இல்லங்க," என்றாள். "அன்னிலேர்ந்தே நல்லா இல்ல."

அவர் ஷூவை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் காபி போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன்.